எட்டு நிமிட ஓட்டத்துக்கு நான்கு ஆண்டு ஷட்டவுன்

எண்ணூர், அத்திப்பட்டு, மணலி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஷட்டவுன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனல்மின் நிலையத்தில் ஆண்டுப் பராமரிப்புக்காக ஒரு யூனிட்டை நிறுத்துவார்கள். கொதிகலன் ஆறியதும் சாரம் கட்டி உள்ளே இறங்கி, தேய்ந்த குழாய்களை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பற்றவைப்பார்கள். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்துவிட்டு மறுபடி தீமூட்டுவார்கள். அந்த நாட்களில் திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர் என்று ஒருவரையும் வீட்டில் பிடிக்க முடியாது. வேலை நாள் கணக்கில் முடிந்தாக வேண்டும்.

எங்கள் தெருவில் வாழ்நாளெல்லாம் கொதிகலன் குழாய்களோடு மல்லுக்கட்டிய வெல்டர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றுவிட்டார், கேள்வி கேட்பதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. ஜெர்மனியில் 'வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ்' என்ற அணுக்கரு இணைவு ஆய்வு இயந்திரம் 2023 பிப்ரவரியில் பிளாஸ்மாவை எட்டு நிமிடம் அணையாமல் வைத்திருந்தது என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அதற்கு முன்னால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அதை நிறுத்திவைத்து உள்ளே வேலை பார்த்தார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டு நிமிடம் ஓடுவதற்கு நான்கு வருட ஷட்டவுனா தம்பி? எங்கள் காண்ட்ராக்டர் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்."

நியாயமான கேள்வி. இணைவு ஆராய்ச்சி பற்றி வரும் செய்திகள் எல்லாம் எத்தனை விநாடி, எத்தனை கோடி டிகிரி என்று சாதனைக் கணக்கிலேயே நின்றுவிடுகின்றன. அந்த விநாடிகளுக்காக உள்ளே இறங்கி ஸ்பேனர் பிடித்தவர்களைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிகம். என்னைக் கேட்டால், இந்த இயந்திரங்களைப் புரிந்துகொள்ள ஓடும்போது பார்ப்பதைவிட, நிறுத்திப் பிரித்துப் போட்டிருக்கும்போது பார்ப்பதுதான் நல்ல வழி.

எதை எரிக்கிறார்கள், எதில் எரிக்கிறார்கள்

கல்பாக்கத்தில் நடப்பது அணுக்கருப் பிளவு. கனமான யுரேனிய அணுக்கரு உடைகிறது, ஆற்றல் வெளிவருகிறது. இணைவு இதற்கு நேர் எதிர். டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு வகை ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகின்றன. கூடவே ஒரு நியூட்ரான் அதிவேகமாகத் தெறித்து ஓடுகிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டு அணுக்கருக்களுக்கும் நேர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளிவிடும். அந்தத் தள்ளலை மீறி மோத வைக்கப் பெரும் வேகம், அதாவது பெரும் வெப்பம் வேண்டும். சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி போதுகிறது, ஏனென்றால் அங்கே அடர்த்தியும் அழுத்தமும் மிக அதிகம். பூமியில் அது இல்லாததால் 10 கோடி, 15 கோடி டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது.

அந்தச் சூட்டில் வாயு வாயுவாக இருக்காது. எலக்ட்ரான்கள் தனியே, அணுக்கருக்கள் தனியே பிரிந்து பிளாஸ்மாவாகிவிடும். அதைத் தாங்கும் பாத்திரம் உலகில் கிடையாது. ஆனால் பிளாஸ்மாவின் துகள்களுக்கு மின்சுமை இருப்பதால் காந்தப்புலத்தைக் கொண்டு சுவரில் படாமல் பிடித்துவைக்கலாம். வளையமான ஓர் எஃகுக் கலம், அதைச் சுற்றிக் காந்தச் சுருள்கள். சோவியத் விஞ்ஞானிகள் 1950களில் உருவாக்கிய டோக்கமாக் இந்த வகை. வெண்டல்ஸ்டைன் அதன் பங்காளி, ஸ்டெல்லரேட்டர் என்பார்கள். அதில் சுருள்கள் வட்டமாக இல்லாமல் வேண்டுமென்றே நெளித்து முறுக்கப்பட்டிருக்கும். அப்படி முறுக்கிய சுருள்கள் மட்டும் 50, தட்டையானவை 20. உள்ளே இருக்கும் கலமும் அதே முறுக்கலோடுதான் வளைந்து போகிறது. அதற்குள் ஒரு குழாயைப் பொருத்துவது எப்படி இருக்கும் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை என்றாலே எங்கள் பக்கத்து மக்கள் கேட்கும் முதல் கேள்வி "வெடிக்குமா?" என்பதுதான். வெடிக்காது. வெண்டல்ஸ்டைனின் பிளாஸ்மா 30 கன மீட்டர் இடத்தை நிரப்பினாலும், அதில் இருக்கும் பொருளின் மொத்த எடை 5 முதல் 30 மில்லிகிராம்தான். ஏதாவது கோளாறு நேர்ந்தால் பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துவிடும். அணையாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

பழுதுபார்ப்பதும் வளர்ப்பதும்

அனல்மின் நிலைய ஷட்டவுனின் நோக்கம் யூனிட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. 210 மெகாவாட் கொடுத்த யூனிட் மறுபடி 210 மெகாவாட் கொடுத்தால் வேலை வெற்றி. ஆய்வு இயந்திரத்தின் ஷட்டவுன் அப்படி அல்ல. நிறுத்தும்போது இருந்த இயந்திரம் வேறு, திறக்கும்போது இருக்கும் இயந்திரம் வேறு. சில மாதங்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், எது தாங்கியது, எது உருகியது, எந்த அளவுகோல் பொய் சொன்னது என்று தெரியும், நிறுத்தி மாற்றுவார்கள். திரும்பவும் ஓட்டுவார்கள்.

வெண்டல்ஸ்டைனின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். 2015 டிசம்பர் 10 அன்று முதல் பிளாஸ்மா. அப்போது உள்ளே பாதுகாப்புக்கு இருந்தவை சில கிராஃபைட் தடுப்புகள் மட்டும். ஆகவே ஒரு தடவைக்குச் செலுத்தலாம் என்று அனுமதித்த வெப்ப ஆற்றல் 4 மெகாஜூல். மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். பிறகு நிறுத்தி, சுவர்களுக்குக் கிராஃபைட் ஓடுகளும், டைவர்ட்டர் என்ற பகுதியும் பொருத்தினார்கள். 2018 வாக்கில் பிளாஸ்மா 100 விநாடி வரை நின்றது. மறுபடி நிறுத்தி, அந்த நான்காண்டு வேலை. முடிந்ததும் 2023இல் எட்டு நிமிடத்தில் 1.3 கிகாஜூல், அதாவது சுமார் 360 யூனிட். 2025இல் 1.8 கிகாஜூல், 500 யூனிட். கடைசி இலக்கு 30 நிமிடத்தில் 18 கிகாஜூல்.

இந்த யூனிட்டுகள் இயந்திரம் உற்பத்தி செய்தவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உள்ளே செலுத்திய வெப்பம், அதே அளவு வெளியே எடுக்கப்பட்ட வெப்பம். இந்த இயந்திரம் மின்சாரம் தயாரிப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. பிளாஸ்மாவை நீண்ட நேரம் பிடித்துவைக்க முடியுமா என்று பார்க்கவே கட்டப்பட்டது.

டைவர்ட்டர் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிளாஸ்மாவின் மையம் சுவரில் படாது என்றாலும், ஓரத்தில் கழிவுத் துகள்களும் வெப்பமும் எங்காவது வந்து இறங்கியாக வேண்டும். காந்தப்புலத்தை வளைத்து அவற்றைக் குறிப்பிட்ட சில பலகைகள் மீது விழச் செய்கிறார்கள். அந்தப் பலகைகளின் மீது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வரை வெப்பம் பாயும். உச்சி வெயிலில் எண்ணூர்க் கடற்கரை மணலில் விழுவதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. சில விநாடிகள் என்றால் தடித்த கிராஃபைட் தாங்கிக்கொள்ளும். நிமிடக் கணக்கில் என்றால் பின்னால் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். அதனால்தான் 2018க்குப் பிறகான அந்த ஷட்டவுனில் பழைய டைவர்ட்டர்களைக் கழற்றிவிட்டு, தண்ணீரால் குளிரூட்டப்படும் புதியவற்றை வைத்தார்கள். கலத்துக்குள் பத்து டைவர்ட்டர்கள். அவற்றில் மொத்தம் 890 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் கார்பன் இழை ஓடுகளைச் செம்புக் கலவையின் மேல் ஒட்டிச் செய்தது, உள்ளே தண்ணீர் ஓடும் பாதையோடு.

துண்டுகளை வைப்பது பாதி வேலை. தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே விட்டு, சூடான தண்ணீரைத் திரும்ப எடுத்து வருவதுதான் மீதி. நேர்க்கோடு என்பதே இல்லாத கலத்துக்குள், கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள். ஒவ்வொரு குழாயின் வளைவும் தனி. ஓரிடத்துக்குச் செய்ததை இன்னோரிடத்தில் வைக்க முடியாது. வேலையாட்கள் கலத்தின் பக்கவாட்டுத் துளைவழியே நுழைந்து, குனிந்தும் ஒருக்களித்துப் படுத்தும் பற்றவைக்கிறார்கள். இதைச் சொன்னபோதுதான் எங்கள் வெல்டர் அண்ணன் முகத்தில் கேலி போய் மரியாதை வந்தது. கொதிகலனுக்குள் கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்து வெல்டிங் செய்தவர் அவர்.

ஊசிமுனைக் கசிவைத் தேடி

நேரம் எங்கே போகிறது என்றால், கணிசமான பகுதி கசிவு தேடுவதில் போகிறது.

உள்ளே இருக்கப்போகும் எரிபொருளே சில மில்லிகிராம் என்று பார்த்தோம். அதில் கொஞ்சம் காற்றோ நீராவியோ கலந்தால், அந்த அந்நிய அணுக்கள் ஆற்றலை ஒளியாக வீசியெறிந்து பிளாஸ்மாவைக் குளிர்வித்துவிடும். எனவே முதலில் கலத்தை வெற்றிடமாக்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வெற்றிடம்.

குழாயில் கசிவு இருக்கிறதா என்று நம் பட்டறைகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். குமிழ் வந்தால் ஓட்டை. இங்கே அந்த முறை உதவாது. இங்கே தேடுவது ஒரு கன சென்டிமீட்டர் வாயு கசிந்து முடிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும் அளவுக்கு நுண்ணிய கசிவை. அதற்கு ஹீலியம் வேண்டும். அதன் அணு மிகச் சிறியது, எதனோடும் வினைபுரியாது, காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் இருக்கிறது. கலத்தின் உள்ளே வெற்றிடமாக்கி, பம்புக்கு அருகே ஹீலியத்தை மட்டும் எண்ணும் கருவியை இணைப்பார்கள். வெளியே ஒருவர் மெல்லிய குழாய்முனையோடு ஒவ்வொரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு), ஒவ்வொரு வெல்டிங்காக ஹீலியத்தைப் பீச்சிக்கொண்டே வருவார். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே நுழைந்து கருவியின் எண் எகிறும்.

கேட்க எளிது. செய்ய நிதானம் வேண்டும். ஹீலியம் காற்றைவிட இலேசானது, மேலே போகும். கீழிருந்து பீச்சத் தொடங்கினால் மேலே உள்ள ஓட்டை பதில் சொல்லிவிடும், நாம் கீழே உள்ள நல்ல ஜாயிண்டைச் சந்தேகப்படுவோம். ஆகவே மேலிருந்து கீழே வர வேண்டும். பீச்சியதும் காத்திருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபிளாஞ்ச் இருந்தால் ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் பொதிந்து அதற்குள் மட்டும் ஹீலியம் விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர்க் குழாய்களைச் சோதிப்பதானால் முதலில் அவற்றை முழுவதும் உலர்த்தியாக வேண்டும். நுண்துளையில் ஒரு துளி தண்ணீர் நின்றால் அதுவே அடைப்பான் ஆகி, கசிவை மறைத்துவிடும்.

பொய்க் கசிவு என்றும் ஒன்று உண்டு. மூடிய துளைக்குள் ஸ்குரூவை முடுக்கினால், அதன் அடியில் கொஞ்சம் காற்று சிறைப்படும். அது நாள்கணக்கில் மரையின் வழியே மெல்ல மெல்லக் கலத்துக்குள் கசியும். வெளியே எங்கே தேடினாலும் ஓட்டை கிடைக்காது. இதற்காகவே வெற்றிடக் கலத்துக்குள் போகும் ஸ்குரூக்களின் நடுவே நீளவாக்கில் துளை போட்டிருப்பார்கள், காற்று உடனே வெளியேறிவிடும்படி.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது குளிர்க் கசிவு. காந்தச் சுருள்கள் நயோபியம்-டைட்டானியம் என்ற மீக்கடத்தியால் ஆனவை. மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய அவற்றை மைனஸ் 269 டிகிரிக்குத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்க வேண்டும். வெண்டல்ஸ்டைனில் அப்படிக் குளிர்விக்க வேண்டிய எடை 425 டன். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். அறைவெப்பத்திலிருந்து அந்தக் குளிருக்குப் போகும்போது எஃகு ஆயிரத்தில் மூன்று பங்கு சுருங்குகிறது. பத்து மீட்டர் நீளம் மூன்று சென்டிமீட்டர் குறையும். அறையில் எந்தக் குறையும் தெரியாத ஒரு ஜாயிண்ட் அந்தச் சுருக்கத்தில் வாய் திறக்கும். சரிசெய்ய வேண்டுமானால் திரும்பவும் சூடேற்றித் திறக்க வேண்டும். சூடேற்றினால் கசிவு காணாமல் போகும்! "பேய் பிடித்த பாய்லர்" என்றார் வெல்டர் அண்ணன்.

உப்பு செய்த வேலை

பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் 'ஈட்டர்' உலகின் மிகப் பெரிய டோக்கமாக். இந்தியாவும் அதில் ஏழு உறுப்பினர்களில் ஒன்று. இன்னும் ஒரு நாள்கூட ஓடாத அந்த இயந்திரத்துக்கு அதற்குள் பெரும் பழுதுபார்ப்பு வேலை வந்துவிட்டது. கடலோரத்தில் இரும்போடு பிழைக்கும் நமக்கு நன்றாகப் புரியக்கூடிய காரணம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

15 கோடி டிகிரி பிளாஸ்மாவுக்கும் மைனஸ் 269 டிகிரி காந்தத்துக்கும் இடையே சில மீட்டர்தான் தூரம். நடுவே வெள்ளி முலாம் பூசிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் ஒரு வெப்பக் கவசம் உண்டு. அந்தத் தகடுகளின் மீது குளிரூட்டும் குழாய்கள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. மொத்த நீளம் சுமார் 23 கிலோமீட்டர். 2021இல் ஹீலியச் சோதனையில் ஒரு தகட்டில் கசிவு தெரிந்தது. வெட்டிப் பார்த்தால் குழாய்ச் சுவரில் விரிசல், ஆழம் 2.2 மில்லிமீட்டர் வரை. குழாயை வளைத்துப் பற்றவைத்ததில் எஃகுக்குள் இழுவிசை தங்கியிருந்தது. வெல்டிங்கை ஒட்டிய சிறு இடுக்குகளில் குளோரைடு எச்சம் மாட்டியிருந்தது. இழுவிசையும் குளோரைடும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகும் பிளக்கும்.

குளோரைடு என்பது வேறொன்றும் இல்லை, உப்பில் இருக்கும் அதே பொருள்தான். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை அழுத்தச் சோதனை செய்ய எந்தத் தண்ணீரையும் எடுத்து நிரப்பிவிடக் கூடாது, குளோரைடு அளவு பார்த்த தண்ணீர்தான் வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எந்தச் சூப்பர்வைசரும் சொல்வார். எண்ணூர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் குழாயில் விரிசல் விட்டால் அந்த இடத்தை வெட்டி மாற்றிவிட்டுப் போகலாம். ஈட்டரில் கவசம் இருப்பது கலத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே. எல்லாம் கட்டி முடித்தபின் அங்கே கை நுழையாது. ஒரு குழாயில் கண்ட நோய் எல்லாக் குழாயிலும் இருக்கலாம் என்றால், கட்டுவதற்கு முன்பே பிரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதைத்தான் செய்தார்கள். 2022 நவம்பரில் வெளிப்படையாக அறிவித்தார்கள். கலத்தின் பகுதிகளை ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டிய விளிம்புகளிலும் அளவு பிசகியிருந்ததால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய முடிவானது. 2022 மே மாதத்தில், இயந்திரத்தைக் கட்டும் குழிக்குள் இறக்கிவைத்திருந்த ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட பகுதியை 2023 ஜூலையில் திரும்பத் தூக்கி வெளியே எடுத்தார்கள். பழுதுபார்த்து முடித்த முதல் பகுதி 2025இல் குழிக்குள் இறங்கியது. தாமதம் ஆனது, செலவு கூடியது, திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. ஆனாலும் ஓடத் தொடங்கிய பிறகு அந்த விரிசல்கள் வாய் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இந்தத் தாமதத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய கால அட்டவணைப்படி ஆய்வு தொடங்கும் ஆண்டு 2034. அதே சமயத்தில், உட்சுவரைப் பெரிலியத்தில் செய்வதாக இருந்த திட்டத்தையும் டங்ஸ்டனுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஜப்பானின் நாகாவில் இருக்கும் 'ஜேடி-60எஸ்ஏ' டோக்கமாக் இன்னொரு பாடம். அங்கே பிழை செய்தது மின்காப்பு. 2021 மார்ச்சில் காந்தச் சுருள் ஒன்றைச் சோதிக்கும்போது, அதன் மின் இணைப்பில் காப்புப் போதாமல் மின்பொறி பாய்ந்து, குளிர்ஹீலியம் கசிந்துவிட்டது. சாதாரணக் காற்றில் மின்பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். நல்ல வெற்றிடத்தில் பாய்வது இன்னும் கடினம். இரண்டுக்கும் நடுவே, அரைகுறை வெற்றிடத்தில், குறைந்த வோல்ட்டிலேயே பாய்ந்துவிடும். ஆகவே காற்றில் சோதித்துத் தேறிய காப்பை நம்ப முடியாது. ஒவ்வொரு இணைப்பையும் அரைகுறை வெற்றிடத்தில் வைத்தும் சோதிக்க வேண்டும். காப்புகளைப் பலப்படுத்தி அப்படிச் சோதித்து முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. முதல் பிளாஸ்மா 2023 அக்டோபரில்.

மனிதர் நுழைய முடியாத இடம்

இதுவரை சொன்ன வேலையெல்லாம் ஆள் உள்ளே போய்ச் செய்யக்கூடியவை. டிரிட்டியத்தைப் பயன்படுத்தத் தொடங்கினால் கதை மாறும். டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. இணைவில் பிறக்கும் நியூட்ரான்கள் சுற்றியுள்ள எஃகையும் கதிரியக்கம் உள்ளதாக்கிவிடும். இங்கிலாந்தின் கல்ஹாமில் 1983இல் தொடங்கிய 'ஜெட்' டோக்கமாக்கில் இது நடந்தது. 1997இல் அங்கே டிரிட்டியம் கலந்து சோதித்தார்கள். மறு ஆண்டே டைவர்ட்டரை மாற்ற வேண்டும். ஆள் போக முடியாது. பத்து மீட்டருக்கும் மேல் நீண்டு வளையும் ஒரு கரம், அதன் நுனியில் இரண்டு இயந்திரக் கைகள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் தன் கையில் பிடித்திருக்கும் கைப்பிடியை அசைத்தால் உள்ளே அந்தக் கைகள் அசையும். போல்ட் இறுகும்போது அந்த இறுக்கத்தை இவர் தன் கையிலேயே உணர்வார். முழு அளவு மாதிரிக் கலம் ஒன்றைக் கட்டிவைத்து அதில் ஒவ்வொரு வேலையையும் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உள்ளே தொடுவார்கள்.

2009 முதல் 2011 வரை ஜெட்டின் சுவரையே மாற்றினார்கள். பழைய சுவர் கார்பன். வெப்பம் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள்தான். ஆனால் அரித்து மீண்டும் படியும்போது டிரிட்டியத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். அரிய எரிபொருள் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கணக்கு உதைக்கும், கதிரியக்கமும் சேரும். எனவே சுவருக்குப் பெரிலியம், டைவர்ட்டருக்கு 3,422 டிகிரியில்தான் உருகும் டங்ஸ்டன். பெரிலியத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் அதைக் கையாள்வதற்கென்றே தனி ஏற்பாடுகள். மாற்றிய சுவரோடு ஜெட் 2021இல் 59 மெகாஜூல், 2023 அக்டோபரில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்தது. 69 மெகாஜூல் என்றால் 19 யூனிட். அந்த ஆண்டு டிசம்பரோடு அதன் ஓட்டம் முடிந்தது. இப்போது அதைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் தொலைவிலிருந்தே.

வேலை முடிந்து கலத்தை மூடியதும் பொத்தானை அழுத்திவிட முடியாது. மூடும் முன் ஒவ்வொரு கருவியும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சரிபார்க்க வேண்டும். கையுறையில்லாமல் தொட்ட இடத்தில் விரலின் எண்ணெய் ஒட்டியிருந்தால் அதுவும் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும். எஃகின் மேல் ஒட்டிய ஈரம் பம்பு மட்டும் போட்டால் எளிதில் விடாது. வெண்டல்ஸ்டைனில் கலத்தையே 150 டிகிரிக்குச் சூடாக்கி நாள்கணக்கில் ஈரத்தை விரட்டுகிறார்கள். அதன்பின் மெல்லிய வாயுவில் மின்சாரம் பாய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வது, மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளச் சுவருக்குப் போரான் பூச்சு கொடுப்பது. 2015இல் முதல் பிளாஸ்மாவை ஹைட்ரஜனில் அல்லாமல் ஹீலியத்தில் உண்டாக்கினார்கள். ஹீலியத்தைப் பிளாஸ்மாவாக்குவது எளிது, சுவரும் சுத்தமாகும். அது நின்ற நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

நம் நாட்டில்

ஈட்டரை முழுவதுமாகப் பொதியும் ராட்சத எஃகு உறை சுமார் 30 மீட்டர் உயரம், அதே அகலம், 3,850 டன். அதைச் செய்தது குஜராத்தின் ஹசிராவில் உள்ள லார்சன் அண்ட் டூப்ரோ ஆலை. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் வைத்திருக்கும் அதே நிறுவனம்தான். காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989 முதல் 'ஆதித்யா' டோக்கமாக் இயங்கிவந்தது. அதன் கலத்தின் குறுக்குவெட்டு சதுரமாக இருந்தது. டைவர்ட்டருக்கான சுருள்களை வைக்க உள்ளே இடம் போதவில்லை. முழு இயந்திரத்தையும் பிரித்து, வட்டமான குறுக்குவெட்டுள்ள புதிய கலத்தை வைத்து, மிச்சமான இடத்தில் புதிய சுருள்களைப் பொருத்தினார்கள். 2016 இறுதியில் 'ஆதித்யா-யு' என்ற பெயரோடு அது மறுபடி ஓடியது.

அதே வளாகத்தில் உள்ள எஸ்எஸ்டி-1 என்ற டோக்கமாக் மீக்கடத்திக் காந்தங்கள் கொண்டது. முதலில் கட்டிக் குளிர்வித்தபோது ஹீலியக் கசிவும் இணைப்புக் கோளாறும் தலைகாட்டின. பிரித்தார்கள். சுருள்களை ஒவ்வொன்றாகத் தனியே குளிர்வித்துச் சோதித்து, தேறியவற்றை மட்டும் திரும்பச் சேர்த்தார்கள். முதல் பிளாஸ்மா 2013இல்.

வெல்டர் அண்ணனின் பேரன் அரசு ஐடிஐயில் படிக்கிறான். இந்த வேலைக்கெல்லாம் நம் பிள்ளைகள் போக முடியுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. போகலாம். கசிவுச் சோதனை என்பது என்.டி.டி. எனப்படும் சேதமில்லாச் சோதனை முறைகளில் ஒன்று. ரேடியோகிராஃபி, அல்ட்ராசோனிக் போல அதற்கும் படிநிலைச் சான்றிதழ் உண்டு. ஹீலியக் கசிவுச் சோதனையை ராக்கெட் எரிபொருள் தொட்டி செய்கிறவர்களும், குளிர்பதனப் பெட்டி செய்கிறவர்களும், திரவ வாயுக் கலன் செய்கிறவர்களும்கூடப் பயன்படுத்துகிறார்கள். ஆர்கான் வெல்டிங் கையில் இருக்கிற பையன் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால், ஷட்டவுனுக்கு ஷட்டவுன் ஆள் தேடும் காண்ட்ராக்டரை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டியிருக்காது.